பேஸ்மென்ட் ரேடான்: மீட்டரும் ஃபேனும், ஒரு குளிர்காலத்துக்கு அப்புறம்

எதை ரிவ்யூ செய்கிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்று, ஏர்திங்ஸ் கம்பெனியின் கொரென்டியம் ஹோம் என்கிற ரேடான் மீட்டர் (ரேடான் என்பது மண்ணிலிருந்து வீட்டுக்குள் ஏறும் கதிரியக்க வாயு). இன்னொன்று, அந்த மீட்டர் காட்டிய எண்ணைப் பார்த்துவிட்டு எங்கள் பேஸ்மென்ட்டில் ஆள் வைத்துப் போட்ட, ரேடானைக் குறைக்கும் மிட்டிகேஷன் சிஸ்டம், அதாவது ஒரு பிவிசி பைப்பும் ஒரு ஃபேனும். வீடு பென்சில்வேனியாவின் தென்கிழக்கில், மாண்ட்கோமரி கவுன்ட்டியில். ஃபேன் போட்ட கம்பெனியின் பெயரைக் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். இந்த வேலையில் நல்லதும் சொதப்பலும் அன்றைக்கு எந்த ஆட்கள் வருகிறார்கள் என்பதைப் பொறுத்தது. எதைப் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று எழுதுகிறேன், அதுதான் உங்களுக்கு உபயோகம்.

இந்தப் பக்கம் வீடு வாங்குகிற எல்லோருக்கும் ரியல் எஸ்டேட் ஏஜென்ட் 'ரேடான்' என்று ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். மற்ற மாநிலத்துக்காரர்கள் அப்படிப் போகலாம், நம்மால் முடியாது. மாநிலத்தின் சுற்றுச்சூழல் துறையே, இங்கே ஏறத்தாழ 40 சதவீத வீடுகளில் ரேடான், 'சரிசெய்யுங்கள்' என்று சொல்லும் நடவடிக்கை அளவுக்கு மேல் இருப்பதாகச் சொல்கிறது. அமெரிக்கா முழுக்க எடுத்தால் 15 வீட்டுக்கு ஒன்று. அதற்கும் மேலே, ரேடான் வீட்டுக்குள் இருக்கும் என்று உலகம் விழித்துக்கொண்டதே எங்களிடமிருந்து கொஞ்ச தூரத்தில்தான். 1984 டிசம்பரில் லிமெரிக் அணுமின் நிலையத்தில் ஸ்டான்லி வாட்ரஸ் என்ற எஞ்சினியர் நுழையும்போது கதிர்வீச்சு அலாரம் அடித்தது. நிலையம் இன்னும் மின்சாரமே தயாரிக்க ஆரம்பிக்கவில்லை. அங்கே ஒட்டுவதற்கு ஒன்றுமில்லாதபோது மனிதர் எங்கிருந்து கொண்டுவருகிறார் என்று தேடிப் போனால், பக்கத்து பெர்க்ஸ் கவுன்ட்டியில் பாயர்டவுன் அருகே இருந்த அவர் வீட்டுக்குள் லிட்டர் காற்றுக்குச் சுமார் 2,700 பிக்கோகியூரி ரேடான் (பிக்கோகியூரி என்பது கதிரியக்கத்தை அளக்க அமெரிக்காவில் பயன்படும் அலகு, இனி வெறும் எண்ணாகச் சொல்வதெல்லாம் இதில்தான்). நடவடிக்கை எடு என்று இன்று சொல்லும் அளவு 4. குடும்பம் வீட்டைக் காலி செய்து, சரிசெய்த பிறகு திரும்பி வந்தது. அணுமின் நிலையத்திலிருந்து கதிர்வீச்சு வீட்டுக்கு வருவதாகத்தான் எல்லோரும் பயந்திருப்பார்கள், இங்கே வீட்டிலிருந்து நிலையத்துக்குப் போயிருக்கிறது. ரெடிங் பிராங் என்று ஒரு யுரேனியம் கலந்த பாறைப் பட்டை பென்சில்வேனியாவில் ஆரம்பித்து நியூ ஜெர்சி, நியூ யார்க் வழியாகப் போகிறது. அந்த வீடு அதன் மேல் இருந்தது.

ரேடான் எப்படி வருகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது புரியாவிட்டால் ஃபேன்காரர் சொல்வது எதுவும் புரியாது. மண்ணிலும் பாறையிலும் இருக்கும் யுரேனியம் சிதைந்து ரேடியம் ஆகி, ரேடியம் சிதைந்து ரேடான் வாயு ஆகிறது. நிறம், வாசனை எதுவும் இல்லை. அரை ஆயுள் 3.8 நாள், அதற்குள் மண்ணின் இடுக்கு வழியாக ஏறி வீட்டுக்கு வந்துவிட நேரம் தாராளமாக இருக்கிறது. வெளியில் வந்தால் காற்றில் கரைந்துவிடும். வீட்டுக்குள் வந்தால் தங்கும். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும்போது சூடான காற்று மேலே ஏறி அட்டிக் வழியாகக் கசிய, அந்த இடத்தை நிரப்ப வீடு கீழே இருக்கும் மண்ணிலிருந்தே காற்றை உறிஞ்சுகிறது. தரை ஸ்லாபும் சுவரும் சேரும் இடுக்கு, சம்ப் குழி (அடியில் ஊறும் தண்ணீரைச் சேர்த்து மோட்டாரால் இறைக்கும் குழி), பைப் நுழையும் ஓட்டை, விரிசல், எல்லாமே வழி. மூச்சில் உள்ளே போகிற ரேடான் பெரும்பாலும் திரும்ப வெளியே வந்துவிடும். அது சிதைந்து உண்டாகும் பொலோனியம்தான் பிரச்சினை. அது திடப்பொருள், தூசியில் ஒட்டி நுரையீரலில் உட்கார்ந்துகொண்டு ஆல்ஃபா துகளை விடும். தோலைக்கூடத் தாண்ட முடியாத துகள், ஆனால் நுரையீரலின் உள்பூச்சுக்கு மிக அருகில் இருந்து அடிக்கும்போது டிஎன்ஏ உடைகிறது.

இப்போது எங்கள் கதை. வீடு வாங்கும்போது ஜூன் மாதம் இன்ஸ்பெக்ஷனில் 48 மணி நேர டெஸ்ட் எடுத்தார்கள். 3.6 வந்தது. 4-க்குக் கீழே, ஆகவே 'பாஸ்'. பேப்பரில் பச்சை நிறத்தில் போட்டிருந்தார்கள். டெஸ்ட் எடுத்தவர் மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை, ஜன்னல் கதவெல்லாம் மூடி, முறைப்படி வைத்துத்தான் எடுத்தார். ஆனால் அது ஜூன் மாதத்து இரண்டு நாள். ரேடான் நாளுக்கு நாள், மழைக்கு மழை, காற்றழுத்தத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும், குளிர்காலத்தில் பொதுவாகக் கூடும். அதோடு 4 என்பது பாதுகாப்பான அளவு என்று யாரும் சொல்லவில்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பான ஈபிஏ, 2-க்கும் 4-க்கும் நடுவில் இருந்தாலே சரிசெய்வதைப் பற்றி யோசியுங்கள் என்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2009-இல் சொன்ன அளவு கன மீட்டருக்கு 100 பெக்கரல், அமெரிக்கக் கணக்கில் 2.7. எங்கள் 3.6 அதன்படி ஃபெயில்.

வீட்டுக்குக் குடிவந்ததும் நம் ஆட்கள் எல்லோரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம், பேஸ்மென்ட்டை ஃபினிஷ் செய்தோம். ஒரு பக்கம் என் ஆபீஸ் மேஜை, இன்னொரு பக்கம் ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு பெட்ரூம். மாமனார் மாமியார் திருநெல்வேலியிலிருந்து ஆறு மாசத்துக்கு வருவதாக இருந்தது, அவர்கள் தூங்கப்போவது அங்கேதான். நான் வாரத்தில் ஐந்து நாளும் அங்கேயே. வீட்டிலேயே ரேடான் அதிகம் இருக்கும் இடத்தில் மனிதர்கள் அதிக நேரம் இருக்கும்படி நாமே ஏற்பாடு செய்கிறோம். இதற்காகத்தான் மீட்டர் வாங்கினேன்.

மீட்டருக்கு வருகிறேன். நார்வே கம்பெனி. நான் வாங்கியது பழைய மாடல், விலை 150 டாலரை ஒட்டி. கையில் அடங்கும் வெள்ளைப் பெட்டி, மூன்று ஏஏஏ பேட்டரி, ஒரு எல்சிடி திரை, அவ்வளவுதான். வைஃபை இல்லை, ப்ளூடூத் இல்லை, போனில் செயலி இறக்கி, ஈமெயில் கொடுத்து, அக்கவுன்ட் தொடங்கி அல்லாடும் வேலை இல்லை. இதைக் குறை என்று சிலர் எழுதுகிறார்கள், எனக்கு இதுதான் பிடித்த விஷயம். மேலே நீண்டகாலச் சராசரி. கீழே குறுகியகாலச் சராசரி, அது கடந்த ஒரு நாள், கடந்த ஏழு நாள் என்று மாறி மாறிக் காட்டும். போட்ட உடனே எண் வராது, முதல் எண்ணுக்கு ஒரு நாள் வரை பொறுக்க வேண்டும், அதையும் நம்பாதீர்கள். ஒரு மாசம் ஆனபிறகு மேலே இருக்கும் எண்ணை நம்பலாம். வேறு அறைக்கு மாற்றினால் பின்னால் இருக்கும் சின்ன ஓட்டைக்குள் ஒரு கம்பியை விட்டு ரீசெட் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பழைய அறையின் சராசரியோடு புதிய அறை கலந்து இரண்டுக்கும் பொருந்தாத ஒரு எண் வரும். தரையிலிருந்து ஓர் ஒன்றரை இரண்டு அடி உயரத்தில், ஜன்னலுக்கும் வென்ட்டுக்கும் தள்ளி வையுங்கள். பாத்ரூமிலும் சமையலறையிலும் வேண்டாம், ஈரமும் அடுப்பு எக்ஸாஸ்ட்டும் எண்ணைக் கெடுக்கும்.

ஒரு எச்சரிக்கை, இது கனடாவில் இருப்பவர்களுக்கு. அங்கே விற்கும் மீட்டர் பெக்கரலில் காட்டும். பிராம்ப்டனில் இருக்கும் என் அக்கா என் பேச்சைக் கேட்டு ஒன்று வாங்கி வைத்துவிட்டு, "அடியே, உங்க ஊர்ல 4-க்கே பயப்படுறீங்க, என் வீட்ல 110 காட்டுதுடி" என்று ராத்திரி பத்து மணிக்கு போன் செய்தாள். 37-ஆல் வகுத்தால் அது ஏறக்குறைய 3. கனடாவில் நடவடிக்கை அளவு 200 பெக்கரல். அவளைத் தூங்கப் போகச் சொன்னேன், ஆனால் அந்த 3-ஐ நான் சும்மா விடமாட்டேன் என்றும் சொன்னேன்.

அக்டோபரில் எங்கள் எண் 4-ஐத் தொட்டது. நவம்பரில் ஹீட்டர் ஓட ஆரம்பித்ததும் ஏறியது. ஜனவரி நடுவில், வெளியே பனி கொட்டி மண் மேல்பரப்பு இறுகிப்போன ஒரு வாரத்தில், ஒரு நாள் எண் 13-ஐத் தாண்டியது. நீண்டகாலச் சராசரி 8-இல் வந்து நின்றது. ஜூன் மாதத்து 3.6-க்கும் இதற்கும் என்ன சம்பந்தம்! இதைத்தான் இந்த ரிவ்யூவில் சொல்ல வந்தேன். வீடு வாங்கும்போது கையில் கொடுக்கும் எண் பத்திரம் எழுதுவதற்கு, நீங்கள் மூச்சு விடும் எண்ணை நீங்களேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

8 என்றால் எவ்வளவு ஆபத்து? ஈபிஏ ஓர் அட்டவணை வைத்திருக்கிறது. வாழ்நாள் முழுக்க 8-இல் இருந்தால், புகைபிடிக்காதவர்களில் ஆயிரத்துக்குச் சுமார் 15 பேருக்கு நுரையீரல் புற்றுநோய் வரலாம். புகைபிடிப்பவர்களில் ஆயிரத்துக்குச் சுமார் 120. 4-இல் அது 7, 62. வாழ்நாள் முழுக்க என்பதைக் கவனியுங்கள், ஆறு மாசத்தில் எதுவும் நடந்துவிடாது, பயப்பட வேண்டாம். ஆனால் அந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசத்தைப் பாருங்கள். ரேடானும் சிகரெட்டும் ஒன்றையொன்று தூக்கிவிடும். அமெரிக்காவில் வருஷத்துக்கு 21,000 பேர் ரேடானால் வரும் நுரையீரல் புற்றுநோயில் இறப்பதாக ஈபிஏ மதிப்பிடுகிறது, அதில் சிகரெட்டையே தொடாதவர்கள் 2,900 பேர் போல. புகைக்கு அடுத்த காரணம் இதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1988-லேயே இதை உறுதியான புற்றுநோய்க் காரணிகள் வரிசையில் சேர்த்துவிட்டது. மாமா, அதாவது என் மாமனார், பல வருஷம் சிகரெட் பிடித்து, பிறகு நிறுத்தியவர். அவரைக் கீழே படுக்க வைப்பதா என்ற கேள்வியில்தான் என் வீட்டுக்காரர் 'அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்பதை நிறுத்தினார்.

மாமாவுக்கு இதெல்லாம் ஏறவில்லை. "ஏம்மா, வாடையும் இல்ல, புகையும் இல்ல, இதுக்குப் போயி ஆயிரத்துச் சொச்சம் டாலரா? ஜன்னலத் திறந்து வச்சா சரியாயிடாதா?" என்றார். நியாயமான கேள்வி. ஜன்னலைத் திறந்தால் நிஜமாகவே இறங்கும். நம் ஊர் வீடுகளில் ஜன்னல் நாள் முழுக்கத் திறந்து, காற்று உள்ளே வந்து வெளியே போகிறது, பூமிக்குள் பாதி புதைந்த அறையில் யாரும் படுப்பதில்லை. பென்சில்வேனியா ஜனவரியில் ஜன்னலைத் திறந்தால் ரேடானுக்கு முன்னால் நாம் போய்விடுவோம், மூடிய சில மணி நேரத்தில் எண் பழைய இடத்துக்கு வந்துவிடும். "நம்ம மணவாளக்குறிச்சி மணல்ல இல்லாத கதிர்வீச்சா?" என்றும் கேட்டார். அது வேறு, கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரையான அங்கே மோனசைட் மணலில் இருப்பது பெரும்பாலும் தோரியம், அதிலிருந்து வரும் தோரான் வாயு ஒரு நிமிஷத்துக்குள் பாதியாகிவிடும், எனவே தரையை விட்டு அதிக தூரம் வர நேரமில்லை. மாமா பதிலைக் கேட்டுக்கொண்டார், ஒத்துக்கொண்டாரா தெரியாது.

ஃபேன் போட மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கினோம். பென்சில்வேனியாவில் ரேடான் டெஸ்ட் எடுப்பவரும் சரி, சரிசெய்பவரும் சரி, மாநிலச் சுற்றுச்சூழல் துறையான டிஇபி-யிடம் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும். 1987-லேயே அதற்குச் சட்டம் வந்துவிட்டது. சான்று எண்ணைக் கேளுங்கள், அவர்கள் பட்டியலில் சரிபாருங்கள், கொஞ்ச நேர வேலைதான். எல்லா மாநிலத்திலும் இப்படிச் சட்டம் இல்லை, அங்கே இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

முதலில் வந்தவர் பேஸ்மென்ட்டுக்குள் இறங்கவே இல்லை, படிக்கட்டில் நின்றபடி "மூலையில் ஒரு பைப், ஃபேனை இங்கேயே சீலிங்கில் மாட்டிவிடலாம், சீப்பாக முடியும்" என்றார். அவரை அங்கேயே நன்றி சொல்லி அனுப்பிவிட்டேன். ஃபேனை வீட்டுக்குள் ஆட்கள் இருக்கும் பகுதியில் வைக்கவே கூடாது. ஃபேனுக்கு முன்னால் பைப்பில் இருப்பது உறிஞ்சும் காற்று, அதில் ஓட்டை விழுந்தால் வீட்டுக் காற்று உள்ளே போகும், பரவாயில்லை. ஃபேனுக்குப் பிறகு இருப்பது தள்ளும் காற்று, மண்ணுக்கடியில் இருந்து இழுத்த அடர்த்தியான ரேடான். அந்தப் பக்கம் ஒரு மூட்டு கசிந்தால் மொத்தத்தையும் பெட்ரூமுக்குள் ஊதிவிடும். அதனால் ஃபேன் அட்டிக்கில், அல்லது மேலே அறை இல்லாத கராஜில், அல்லது வெளியே. இரண்டாவது ஆள் வேலை தெரிந்தவர் மாதிரிதான் இருந்தார், ஆனால் பேச்செல்லாம் "உங்கள் குழந்தைக்கு கேன்சர் வந்தால்" என்றே போனது. பயம் காட்டி விற்பவரிடம் எனக்கு ஒரு அலர்ஜி. மூன்றாவது ஆள் டார்ச் எடுத்துக்கொண்டு சம்ப் குழியைப் பார்த்தார், ஸ்லாப் ஓரத்தில் கையை ஓட்டினார், வீடு கட்டும்போது ஸ்லாபுக்கு அடியில் ஜல்லி போட்டார்களா என்று கேட்டார். ஜல்லி இருந்தால் ஒரே ஓட்டையில் முழு தரைக்கும் உறிஞ்சல் போகும், களிமண்ணாக இருந்தால் இரண்டு மூன்று ஓட்டை வேண்டியிருக்கும். அவருக்குத்தான் கொடுத்தோம். சம்ப் மூடியையும் சேர்த்து 1,400 டாலர் சுற்றி வந்தது, இந்தப் பக்கத்து விலைக்கு நியாயம்.

வேலை ஒரு நாள்கூட ஆகவில்லை. ஸ்டோர் ரூம் மூலையில் ஸ்லாபில் ஒரு வட்டத்தைத் துளைத்து, அந்த கான்க்ரீட் வில்லையை அலுங்காமல் தூக்கி எடுத்தார்கள். அதற்கடியில் கையை முழங்கை வரை விட்டு ஜல்லியும் மண்ணுமாக அள்ளி அள்ளி வாளியில் போட்டார் ஒரு பையன். அடியில் ஒரு சின்னப் பள்ளம் இருந்தால்தான் உறிஞ்சல் நாலு பக்கமும் பரவுமாம். அப்புறம் பைப்பை இறக்கி, சுற்றி சீல் செய்து, சுவர் வழியாக வெளியே கொண்டுபோய், வெளியில் ஃபேன், அங்கிருந்து கூரை ஓரத்துக்கு மேலே வரைக்கும் பைப். பைப்பின் வாய் ஜன்னலுக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது, வெளியே தள்ளியது திரும்ப உள்ளே வந்துவிடும். சம்ப் குழிக்கு ஒரு கண்ணாடி போன்ற ப்ளாஸ்டிக் மூடி, ஓரத்தில் சிலிகான். மோட்டார் ரிப்பேருக்குத் திறக்கும்படி ஸ்க்ரூ வைத்திருக்கிறார்கள், நிரந்தரமாக ஒட்டிவிடவில்லை, அது நல்ல வேலை. ஸ்லாப் ஓரத்து இடுக்கையும் அடைத்தார்கள். வெறும் விரிசலை மட்டும் அடைத்து ரேடானைச் சரிசெய்ய முடியாது என்று ஈபிஏ சொல்கிறது, அடைப்பு ஃபேனுக்கு உதவிக்குத்தான்.

எனக்குப் பிடித்தது ஒரு சின்ன விஷயம். ஃபேனைப் போட்ட பிறகு அவர் ஒரு சின்னப் புகைக் குச்சியை எடுத்து, எதிர்மூலையில் துளைத்த விரல் தடிமன் ஓட்டைக்கு மேலே பிடித்தார். புகை மேலே போகாமல் வளைந்து தரைக்குள் இறங்கியது. உறிஞ்சல் அந்த மூலை வரை வந்துவிட்டது என்று அர்த்தம். இந்தச் சோதனையைச் செய்யாத ஆளிடம் வேலை கொடுக்காதீர்கள். பைப்பில் யு வடிவத்தில் ஒரு மேனோமீட்டர் மாட்டியிருக்கிறார்கள், உள்ளே சிவப்புத் திரவம். ஃபேன் ஓடாதபோது இரண்டு பக்கமும் சமம், ஓடும்போது ஒரு பக்கம் ஏறி நிற்கும். மாமாவுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது, காலையில் காபி டம்ளரோடு இறங்கிப் போய், "ஏம்மா, செவப்பு ஏறித்தான் நிக்கு" என்று ரிப்போர்ட் கொடுத்துவிட்டுத்தான் பேப்பர் படிப்பார். ஆனால் ஒன்று, அந்தச் சிவப்பு ஃபேன் உறிஞ்சுகிறதா என்பதை மட்டும் காட்டும், ரேடான் எவ்வளவு என்று காட்டாது. அதற்கு மீட்டர் வேண்டும், ஆகவேதான் மீட்டரும் ஃபேனும் சேர்த்து ரிவ்யூ.

ரிசல்ட்: ஃபேன் போட்ட மறுநாளே ஒரு நாள் எண் 2-க்குக் கீழே வந்தது. மீட்டரை ரீசெட் செய்து புதிதாக ஓட விட்டேன். பிப்ரவரி, மார்ச் குளிரெல்லாம் தாண்டியும் சராசரி 1.1-இல் நிற்கிறது. அமெரிக்க வீடுகளின் சராசரி 1.3, வெளிக்காற்றிலேயே 0.4 இருக்கும், எனவே இதற்கு மேல் ஆசைப்பட ஒன்றுமில்லை. ஆனால் கம்பெனிக்காரர் வேலை முடிந்ததும் நான்தான் டெஸ்ட் எடுத்துத் தருகிறேன் என்றார். எடுத்தார், நன்றாகத்தான் வந்தது. இருந்தாலும் பரீட்சை எழுதியவரே பேப்பர் திருத்துகிற மாதிரி இருந்ததால், தனியாக ஒரு கரித்தூள் டெஸ்ட் கிட் வாங்கி வைத்தேன். 30 டாலருக்குள் கிடைக்கும். டெஸ்ட்டுக்கு 12 மணி நேரம் முன்பிருந்தே ஜன்னல், வெளிக்கதவு எல்லாம் மூடி வைக்க வேண்டும், போக வர திறக்கலாம். டெஸ்ட் முடிந்ததும் மூடி ஒட்டி அன்றைக்கே தபாலில் போடுங்கள். உள்ளே பிடித்த ரேடான் நாலு நாளுக்குள் பாதியாகிவிடும், மேஜை மேல் ஒரு வாரம் கிடந்தால் லேபால் ஒன்றும் சொல்ல முடியாது. லேப் சொன்னதும் மீட்டர் சொன்னதும் ஏறக்குறைய ஒத்துப்போனது, மீட்டர் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது அப்போதுதான். வீட்டை விற்கும்போது இந்த மீட்டரின் எண்ணைக் காட்ட முடியாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள், அதற்குச் சான்று பெற்றவர் எடுத்த டெஸ்ட்தான் செல்லும்.

குறைகளும் உண்டு. ஃபேன் சத்தம். பெரிய சத்தமில்லை, ஒரு மெல்லிய 'ம்ம்ம்', வெளியே நின்றால் கேட்கும். ஆனால் ஃபேனுக்கு நேர் மேலே எங்கள் மகள் அறை, ராத்திரி அமைதியில் அவளுக்குக் கேட்கிறது. வீட்டின் மறுபக்கம் போட்டிருக்கலாம், கொட்டேஷன் சமயத்தில் அவர் அதைக் கேட்டிருக்க வேண்டும். பைப்புக்குள் ஈரம் இறங்கும் கடகட சத்தமும் கடுங்குளிரில் இருக்கிறது. வெளிப்பைப் வெள்ளையாக நீட்டிக்கொண்டு நிற்பது அழகில்லை, கூடுதல் காசு கொடுத்தால் மழைநீர்க் குழாய் போன்ற அலுமினிய உறை போடுவார்கள், போடுங்கள். சிலிகான் பூச்சு ஒரு இடத்தில் கோணல்மாணலாக இருக்கிறது, அந்த மூலையை யாரும் பார்க்கப் போவதில்லை என்று விட்டுவிட்டேன். ஃபேன் 24 மணி நேரமும் ஓடும், 60 வாட் என்று வைத்தால் வருஷத்துக்கு 525 யூனிட், எங்கள் கரன்ட் பில்லில் நூறு டாலர் பக்கம். கொஞ்சம் ஹீட்டர் காற்றையும் சேர்த்து வெளியே இழுக்கிறது, அந்தச் செலவு தனி. நிறுத்தினால் எண் திரும்ப ஏறிவிடும், எனவே சத்தத்துக்காக யாரும் ஸ்விட்சை அணைக்காமல் இருக்க மேலே ஒரு தாளை ஒட்டி வைத்திருக்கிறேன்.

எங்கள் ஏரியா வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், 400 டாலருக்கு ஏர் ப்யூரிஃபையர் வாங்கினாலே போதும் என்று எழுதிக்கொண்டிருக்கிறார். ஹெப்பா ஃபில்டர் தூசியைப் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது, ரேடான் அப்படியே இருக்கும். இன்னொரு அக்கா சமையலறை கிரானைட்டை மாற்றலாமா என்று கேட்டார். கிரானைட்டில் கொஞ்சம் யுரேனியம் இருக்கலாம்தான், ஆனால் வீட்டு ரேடானில் அதன் பங்கு பொதுவாக மிகக் குறைவு. மண்ணை விட்டுவிட்டு மேடையைச் சந்தேகப்பட வேண்டாம், தோசைக்கல்லை அதன் மேலேயே வையுங்கள். கிணற்றுத் தண்ணீர் உள்ள வீடுகள் மட்டும் தண்ணீரையும் பார்க்க வேண்டும், குளிக்கும்போது ரேடான் காற்றில் கலக்கும். தண்ணீரில் 10,000 பிக்கோகியூரி இருந்தால் காற்றில் சுமார் 1 சேரும் என்பது கணக்கு. பக்கத்து வீட்டில் குறைவாக இருக்கிறது, அதனால் நம் வீட்டிலும் குறைவுதான் என்ற வாதமும் செல்லாது, ஒரே பில்டர் ஒரே வருஷம் கட்டிய ஒட்டிய டவுன்ஹவுஸ்களிலேயே எண் தாறுமாறாக இருக்கும்.

மார்க் போட வேண்டுமென்றால் மீட்டருக்கு 5-க்கு 4.5. திரையில் வெளிச்சம் இல்லை, இருட்டில் போன் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது, அதற்கு அரை மார்க் குறைத்தேன். ஃபேன் வேலைக்கு 4, மகள் அறைக்காக ஒன்று குறைவு. யார் வாங்க வேண்டாம்? வெறும் டெஸ்ட் மட்டும் போதும் என்றால் கரித்தூள் கிட்டோ, மூன்று மாசத்துக்கு மேல் வைக்கும் ஆல்ஃபா டிராக் கிட்டோ வாங்குங்கள், மீட்டருக்குக் கொடுக்கும் காசில் பாதிகூட ஆகாது. அபார்ட்மென்ட்டில் மூன்றாவது மாடியிலோ அதற்கு மேலோ இருந்தால் பொதுவாகக் கவலையில்லை, ஈபிஏ டெஸ்ட் எடுக்கச் சொல்வது அதற்குக் கீழே இருப்பவர்களைத்தான். வாடகை வீட்டு பேஸ்மென்ட்டில் இருப்பவர்கள் கிட் வைத்து எண்ணை எடுத்து வீட்டுக்காரரிடம் எழுத்தில் கொடுங்கள். ஃபேன் போட்டுவிட்டோம் என்று விட்டுவிடாமல் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மறுபடி டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார்கள். எங்கள் ஃபேனுக்கு வாரன்ட்டி 5 வருஷம், போட்ட தேதியை மார்க்கரில் பைப் மேலேயே எழுதி வைத்திருக்கிறேன், பில் தொலைந்தாலும் பைப் தொலையாது.